மெலிந்து சாய்ந்த எழுத்தில் அண்ணன் பெயர்

12 செப்டம்பர் 2024, வியாழன்

இன்றும் ‘ழ’ நிற்கவில்லை. ஒன்பது டிகிரி சாய்த்தால் வால் முன்னால் ஓடுகிறது, தலை பின்தங்குகிறது. ஓட்டுநர் பிரேக் போட்டதும் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிற ஆள் மாதிரி இருக்கிறது. எட்டு டிகிரிக்குக் குறைத்தால் பக்கத்து எழுத்துகளெல்லாம் சாய்ந்திருக்க இது மட்டும் வீம்பாக நிமிர்கிறது.

பகலில் ஒரு கம்பெனிக்காக, ஒத்தக்கடை வீட்டில் உட்கார்ந்தபடியே, கைபேசிச் செயலிகளுக்குப் பொத்தான் வரைகிறேன். அது சோற்றுக்கு. மாலையில் வரைவது தூவானம். அது என்னவென்று எனக்கு நானே எழுதி வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வேறு யாரும் இரண்டாவது முறை கேட்பதில்லை. தூவானம் ஒரு தமிழ் எழுத்துரு. கோடு தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே தடிமன், நுனியில் எந்த அலங்காரமும் இல்லை. மெல்லிசு. வலப்பக்கம் சாய்ந்தது. காற்றில் சாய்ந்து விழுகிற சாரலை நினைத்துப் பெயர் வைத்தேன். மதுரையில் அதைப் பார்த்தே வெகுநாள் ஆயிற்று என்பது வேறு விஷயம்.

மனைவி ரோகிணி காபி வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். “எல்லாரும் முதல்ல நேரா நிக்கிற எழுத்தச் செய்வாங்க, அப்புறம் தடியா, கடைசியாத்தான் மெலிசாச் சாய்ப்பாங்க. நீங்க மட்டும் ஏன் வால்ல ஆரம்பிச்சீங்க?”

கலைஞன் எதிர்த்திசையில்தான் நடப்பான் என்றேன். அவள் கணக்கு டீச்சர். டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

ஆனால் காரணம் இருக்கிறது. இந்த ஊரில் எழுத்தென்றால் தடி. காதுகுத்தோ, கட்சி மாநாடோ, டீக்கடைத் திறப்போ, பெயர் என்றால் சிவப்பில், மஞ்சள் விளிம்போடு, பின்னால் இரண்டு நிழலோடு வர வேண்டும். எல்லாரும் கத்துகிற ஊரில் ஒருவனாவது மெதுவாகப் பேசட்டுமே என்று நினைத்தேன். அந்த ஒருவன் நான்தான் என்று யாரும் சொல்லவில்லை. நானாகவே கையைத் தூக்கிக்கொண்டேன்.

14 செப்டம்பர், சனி

‘ழ’ நின்றது. யாரிடம் சொல்வது?

22 செப்டம்பர், ஞாயிறு

தங்கை மீனா வந்திருந்தாள். மாசியில் மகள் பவதாரிணிக்குக் காதுகுத்து. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் வைத்துச் செய்கிறார்கள். பேசிக்கொண்டே இருந்தவள், “பெரியண்ணே மடியிலதான் உக்கார வைக்கணும்ண்ணே. அது வராட்டி நான் காதே குத்தல” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரியண்ணன் உக்கிரபாண்டி கொட்டாம்பட்டியில் லாரி டயர்க் கடை வைத்திருக்கிறார். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எங்கள் இருவருக்கும் மூத்தவர் அவர்தான். மீனாவின் கல்யாணத்தை முன்னால் நின்று முடித்தவரும் அவர்தான். இரண்டு வருடத்துக்கு மேலாக அவர் எங்களோடு பேசுவதில்லை. மீனா வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் மாப்பிள்ளை சிவக்குமாரின் பெரியப்பா மகன் பெயர் மேலே வந்து, அண்ணன் பெயர் கீழே போய்விட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அச்சகத்தில் இடம் பார்த்து இறக்கிவிட்டார்கள். “அடியில கெடக்குற பேரு ஆளா வராது” என்று அண்ணன் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். அதுவரை அவர் வாயால் பேசியதைவிட அதற்குப் பிறகு பேசாமல் இருந்ததில்தான் எங்களுக்கு அதிகம் கேட்டது.

நானும் தாய்மாமன்தானே, என் மடி இருக்கிறதே என்றேன். மீனா என் மடியை ஒரு முறை பார்த்தாள். “ஒன் மடியில எந்நேரமும் கம்ப்யூட்டர்தானே உக்காந்திருக்கு” என்றாள்.

5 அக்டோபர், சனி

செல்லூரில் தெரிந்த பையன் காளையின் பிளக்ஸ் கடைக்குப் போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு சந்து, அதற்குள் ஒரு பெரிய பிரிண்டர், அதன் பின்னால் காளை. தூவானத்தில் என் பெயரையே ‘காசிமாயன்’ என்று அடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான்.

“அண்ணே, இது எழுத்தா, இல்ல இங்க் தீந்துபோச்சா?”

மெல்லிசு எழுத்தின் நன்மைகளை எடுத்துச் சொன்னேன். ண, ஞ, ழ மூன்றுக்கும் உள்ளே சுழி அதிகம். தடித்த கோட்டில் சுழி அடைத்து மைத்துளி மாதிரி ஆகிவிடும். மெல்லிய கோட்டில் காற்று போகும். சாய்க்கும்போது மெஷினே சாய்த்தால் வட்டமெல்லாம் ஒரு பக்கம் வீங்கும். நான் ஒவ்வொன்றையும் கையால் திருத்தியிருக்கிறேன். மெய்யெழுத்தின் புள்ளிகூட சாய்வைப் பின்தொடர்ந்து கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது, பார்.

“பாத்தேண்ணே. எல்லாம் சரி. ஒரு கட்சிக்காரர் பேர இதுல போட்டா, நாளைக்கு நான் இந்தக் கடையில இருப்பனா?”

ஆனாலும் கோப்பை அவன் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு வந்தேன். எங்காவது போட்டுப் பார், ஒன்றும் தர வேண்டாம் என்றேன். கருப்பட்டி மிட்டாய் தருகிற தாத்தா மாதிரி நடந்துகொண்டேன் என்று வரும் வழியில் தோன்றியது.

17 அக்டோபர், வியாழன்

தூவானம் எங்கெல்லாம் பயன்படும் என்று யோசித்தேன். கவிதைப் புத்தகத்தின் அட்டை. படத்துக்குக் கீழே வருகிற விளக்க வரி. கதையில் ஒருவன் மனதுக்குள் நினைப்பது. சினிமாவில் அடியில் ஓடுகிற வசனம். அருங்காட்சியகத்தில் சிலைக்குப் பக்கத்துக் குறிப்பு.

உண்மையில் பயன்பட்ட இடம் ஒன்று: ரோகிணியின் வகுப்புத் தேர்வு. என் வற்புறுத்தலுக்காகக் கேள்வித்தாளின் தலைப்பில் ‘எல்லாக் கேள்விகளுக்கும் விடை எழுதவும்’ என்பதை மட்டும் தூவானத்தில் போட்டாள். பாதிப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டதற்கு ஒரு பெண் சொன்னாளாம்: “அது லேசா எழுதியிருந்துச்சு மிஸ். கட்டாயமில்லன்னு நெனச்சோம்.”

ரோகிணி இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

9 நவம்பர், சனி

வேலைக்கு வந்துவிட்டது. தூவானம் மதுரைச் சுவரில் ஒட்டப்பட்டுவிட்டது.

காலையில் காளை போன் செய்து, “அண்ணே, உங்க எழுத்தப் போட்டுட்டேன், பாலத்துக்குப் பக்கத்துல போய்ப் பாருங்க” என்றான். சட்டை மாற்றிக்கொண்டு போனேன். ஏதோ எனக்குப் பெண் பார்க்கிறார்கள் என்பதுபோல தலையை வேறு சீவிக்கொண்டேன்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கருப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. மீசை வைத்த பெரியவர் ஒருவரின் படத்துக்குக் கீழே, தலைமுடி கனத்தில், சாய்ந்து, ‘கண்ணீர் அஞ்சலி’. அதற்கும் கீழே அவர் பெயர்.

அழகாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். நான் யோசித்து வைத்திருந்த எந்த இடத்திலும் அது இவ்வளவு அழகாக இருந்திருக்காது. சுற்றிலும் தடித் தடியாகப் பிறந்தநாள் வாழ்த்துகள் கத்திக்கொண்டிருக்க, இது ஒன்று மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. ‘ஞ்ச’ நடுவே இடைவெளி கொஞ்சம் அதிகம். அதைக் கவனித்தபடி கிட்டே போய்க் குனிந்து நின்றதில் என் கண்ணில் தூசி விழுந்தது. துடைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற ஒருவர் என் தோளைத் தொட்டார். “விடுங்க, வயசாளிதானே. உங்களுக்கு என்ன வேணும்?”

“தூரத்துச் சொந்தம்” என்றேன்.

27 நவம்பர், புதன்

காளையிடமிருந்து மற்ற பிளக்ஸ் கடைகளுக்கும் போய்விட்டது. யார் கொடுத்தது என்று கேட்டால், “எழுத்துதானேண்ணே, காத்து மாதிரி பரவுது” என்கிறான். ஒத்தக்கடையிலிருந்து பெரியார் நிலையம் போகிற வழியெல்லாம் யாராவது இறந்திருக்கிறார்கள், எல்லாரும் தூவானத்தில் இறந்திருக்கிறார்கள். இப்போது இந்த ஊரில் மெலிந்து சாய்ந்த எழுத்தைத் தூரத்தில் கண்டாலே பேருந்தில் இருக்கிறவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். படிப்பதற்கு முன்னாலேயே.

என் புத்தி எங்கே போய்விட்டது என்றால், ஒருவர் போய்விட்டார் என்பதைப் பார்ப்பதற்கு முன் அவர் பெயரில் ‘ண’ வருகிறதா என்று பார்க்கிறேன். ‘ஞ்ச’ இடைவெளியைத் திருத்திப் புதிய கோப்பைக் காளைக்கு அனுப்பினேன். நாளையிலிருந்து மதுரையில் போகிறவர்களுக்கு முறையான இடைவெளியோடு அஞ்சலி கிடைக்கும்.

14 டிசம்பர், சனி

காதுகுத்துப் பத்திரிகை என் பொறுப்பு. மீனா ஒன்றே ஒன்று சொன்னாள். “பெரியண்ணே பேரு மேல வரணும். தனியா வரணும். பாத்த ஒடனே அதுதான் கண்ணுல படணும்.”

ஆயிரம் பேர் செய்கிற வேலை. ஆனால் இந்த ஆயிரம் பேரில் எவனும் எழுத்துரு வரைகிறவன் இல்லையே. இதைச் சரியாகச் செய்தால் இரண்டரை வருட ஊமைத்தனம் முடிந்துவிடும். என் கையில் இருக்கிறது. நினைத்தாலே விரல் குறுகுறுக்கிறது.

22 டிசம்பர், ஞாயிறு

முடித்தேன். சந்தன நிறத் தாள், அரக்கு மை. உச்சியில் ‘தெய்வத்திரு நல்லகாமன் அவர்களின் ஆசியுடன்’ என்று அப்பா பெயர். அதற்குக் கீழே நிறைய வெற்றிடம் விட்டு, அண்ணன் பெயர் மட்டும், பெரிதாக. இரண்டும் தூவானத்தில். அதற்குப் பிறகு வருகிற சொந்தபந்தமெல்லாம் வழக்கமான தடித்த எழுத்தில், வரிசையாக, நெருக்கியடித்து.

ரோகிணி கையில் எடுத்துப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த எழுத்து இப்ப செவுத்துல வேற எதுக்கோல்ல ஓடிக்கிட்டிருக்கு?”

அவளை உட்கார வைத்து விளக்கினேன். ஒரு எழுத்தின் குணம் வேறு, அதைச் சிலர் பயன்படுத்துகிற விதம் வேறு. கருப்புத் தாளில் அது துக்கம், சந்தனத் தாளில் அது மரியாதை. கூட்டத்தில் உரக்கப் பேசுகிறவன் தொண்டன். தலைவன் மெதுவாகத்தான் பேசுவான். தடித்த பெயர்களுக்கு மேலே, வெற்றிடத்தின் நடுவே, ஒரே ஒரு மெல்லிய பெயர். இதைவிட ஒரு மனிதனை எப்படி உயர்த்துவது?

“உங்க அண்ணனுக்கு இதெல்லாம் தெரியுமா?”

“கண்ணுக்குத் தெரியும்” என்றேன்.

இந்த வரியை எழுதும்போதும் நான் சொன்னது சரி என்றுதான் படுகிறது. மீனாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கைபேசியில் பார்த்துவிட்டு, பெயர் முதலில் இருக்கிறது, போதும் என்றாள். சிவக்குமார் தன் பக்கத்துப் பெயர்களை மட்டும் சரிபார்த்தான்.

8 ஜனவரி 2025, புதன்

பத்திரிகை அச்சாகி வந்தது. முகர்ந்து பார்த்தேன்.

19 ஜனவரி, ஞாயிறு

பொங்கல் கழிந்து பத்திரிகை வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். மீனாவும் சிவக்குமாரும் வெற்றிலை பாக்குத் தட்டோடு கொட்டாம்பட்டிக்குப் போய் வந்தார்கள். மதினி தங்கப்பொண்ணுதான் தட்டை வாங்கியிருக்கிறார். அண்ணன் உள்ளேயே இருந்திருக்கிறார், வெளியே வரவில்லை. “செருப்பு வாசல்ல கெடந்துச்சுண்ணே” என்று மீனா சொன்னாள். அதைச் சொல்லும்போது கொஞ்சம் நம்பிக்கையும் இருந்தது. பத்திரிகையைப் பார்த்தால் மனம் மாறும் என்று நான் தைரியம் சொன்னேன். நான்!

29 ஜனவரி, புதன்

கோயில் வாசலில் வைக்கிற பிளக்ஸுக்காகப் பத்திரிகையின் வடிவத்தையே காளைக்கு அனுப்பியிருந்தேன். மதியம் போன் செய்தான். வழக்கமாகக் கடைச் சத்தத்தில் கத்துகிறவன், இன்று மெஷினை நிறுத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினான்.

“அண்ணே... பெரியண்ணன் எப்பத் தவறுனாரு? ஒரு வார்த்தை சொல்லலையே. நம்ம எழுத்துல நானே அடிச்சுக் குடுத்திருப்பனே.”

எனக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. புரிந்த பிறகு உட்கார்ந்தேன். பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். முதன்முறையாக, வரைந்தவன் கண்ணை எடுத்து வைத்துவிட்டு, பேருந்தில் போகிறவன் கண்ணால் பார்த்தேன். மேலே போய்விட்ட அப்பா. அதே எழுத்தில், கீழே, அண்ணன். சாய்ந்து, மெலிந்து, தனியாக. அதற்கும் கீழே உயிரோடு இருக்கிறவர்களெல்லாம் தடிதடியாக நிற்கிறார்கள்.

ஐயோ. ஊரெல்லாம் போயிருச்சே. எத்தனை வீட்டுக்கு— மீனாகிட்ட என்னன்னு சொல்றது? ரோகிணி அன்னைக்கே சொன்னாளே. தொண்டனாம், தலைவனாம். என்னா பேச்சு பேசுனேன்.

30 ஜனவரி, வியாழன்

மதினி போன்.

“கொழுந்தனாரே, உங்க அண்ணன் உசுரோடதான் இருக்காருன்னு ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நேத்துல இருந்து கேதம் கேக்க ஆளுக வாராக. உசிலம்பட்டி மாமா மாலையும் கோடி வேட்டியுமா வந்து எறங்கி, வாசல்ல நின்னு ஒப்பாரிக்கு வாயத் தெறந்துட்டாரு. இவரு டீ குடிச்சுக்கிட்டு இருக்காரு.”

ஏன் முதலில் போனில் கேட்கவில்லை என்றால், மாமா நியாயமாகத்தான் யோசித்திருக்கிறார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை இல்லை, அதனால் சாவைக்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள், பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்று வழியெல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே வந்தாராம். பத்திரிகை வைக்கப் போன அன்று அண்ணனை யாரும் வெளியே பார்க்கவில்லை என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது.

“அண்ணன் என்ன சொல்றாரு மதினி?”

“ஒண்ணும் சொல்லல. வேட்டிய எண்ணெ படாத எடத்துல எடுத்து வைக்கச் சொன்னாரு.”

மாலையில் மீனா வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தை முந்தானையில் பொத்திக்கொண்டு அழுதாள். “பேரு கீழ போனதுக்கே ரெண்டரை வருசம்ண்ணே. இப்ப ஆளையே கொன்னுட்டோம். இனி அது எந்தக் காலத்துல வரும்?”

2 பிப்ரவரி, ஞாயிறு

கொட்டாம்பட்டிக்குப் போனேன். திருச்சி ரோட்டோரம் கடை. அண்ணன் ஒரு லாரியின் பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலையில் நரை கூடியிருக்கிறது. என்னைப் பார்த்தார், பார்த்த மாதிரி காட்டவில்லை. நானும் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டேன். அவர் லாரி டிரைவரிடம் பேச ஆரம்பித்தார்.

“அண்ணே, ஒங்களுக்குப் படிச்ச தம்பி யாரும் இருக்காகளா?”

“இல்லையே” என்றார் டிரைவர்.

“குடுத்து வச்சவரு. எனக்கு ஒருத்தன் இருக்கான். எழுத்துலயே படிச்சவன். அவுக எழுதுனா சரியாத்தான் இருக்கும். நாமதான் செத்தது தெரியாம டயரு மாட்டிக்கிட்டு இருக்கோம்.”

டிரைவர் குழம்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடை மேசையில் பத்திரிகை இருந்தது. அண்ணன் அதை எடுத்து டிரைவர் கையில் கொடுத்தார். “இதுல எல்லாம் நல்லாச் சாப்புட்டு வளந்த பேரா இருக்கு. ஒரே ஒருத்தனுக்கு மட்டும் கஞ்சித்தண்ணி ஊத்தல போல. யாருன்னு பாத்துச் சொல்லுங்க.”

“அண்ணே,” என்றேன் நான். “மரியாதைக்குத்தாண்ணே அப்படிப் போட்டேன். அந்த எழுத்துதான் நான் செஞ்சதுலயே நல்ல எழுத்து. மூணு வருசமா அத மட்டுந்தான் செஞ்சிருக்கேன். ஒங்க பேர வேற எதுல போடுறது?”

ஸ்பேனர் நின்றது. அவ்வளவுதான். பிறகு மறுபடி சுழன்றது. “காத்துப் புடிக்கணுமாண்ணே?” என்று டிரைவரிடம் கேட்டார்.

கிளம்பும்போது மதினி மோர் கொடுத்தார். வருவாரா என்று கேட்டேன். “எனக்கே தெரியல. ஆனா அந்தப் பத்திரிகைய மேசையில இருந்து எடுக்க விட மாட்டேங்குறாரு” என்றார்.

5 பிப்ரவரி, புதன்

புது பிளக்ஸுக்கு வேறு ஒருவர் செய்த தடித்த எழுத்தை எடுத்தேன். சிவப்பு. மஞ்சள் விளிம்பு. இரண்டு நிழல். காளை மூன்றாவது நிழலும் போடட்டுமா என்று கேட்டான். போடு என்றேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

கண் சொருகுகிறது. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் கோயிலில் கூட்டம். பவதாரிணிக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாயிற்று. காது குத்துகிற ஆசாரி துணி விரித்து உட்கார்ந்துவிட்டார். மீனா ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னை யார் பார்த்தாலும் துக்கம் விசாரித்தார்கள். ஒவ்வொருவரிடமும் “இல்லைங்க, இருக்காரு” என்றேன். “மனசத் தேத்திக்கங்க” என்று கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. சிவக்குமார் வந்து, “மச்சான், நல்ல நேரம் முடியப் போகுது. நீங்களே உக்காருங்க” என்றான். மீனா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். அது இறங்கிவிட்டது. மறுபடி வைத்தார்கள். மறுபடி இறங்கியது. அதற்கும் விஷயம் தெரிந்திருக்கிறது போல என்று நினைத்தேன்.

அப்போதுதான் கொட்டுச் சத்தம் கேட்டது.

முன்னால் மேளக்காரர்கள், நடுவே தாம்பாளத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கொட்டாம்பட்டிப் பெண்கள், பின்னால் ஒரு குட்டியானை வண்டி. வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றபடி அண்ணன் வந்தார். கூட்டம் அப்படியே எழுந்தது. ஒரு பெரியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

இறங்கியவர் நேராக எங்களிடம் வரவில்லை. சாப்பாட்டுப் பந்தலுக்குள் போய், இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்களை வரிசை வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டே நடந்தார். “நல்லாப் பாத்துக்கங்க மாமா. வாங்க பெரியம்மா, தொட்டுப் பாக்குறதுன்னாலும் தொட்டுப் பாருங்க. சித்தப்பா, வடைய முழுங்கிட்டுப் பேசுங்க.” உசிலம்பட்டி மாமா மட்டும் அவர் வேட்டியையே பார்த்தார். “இது நான் கொண்டாந்ததுல்லப்பா?”

“ஆமா மாமா. நல்ல வேட்டி. வீணாப் போகலாமா?”

“அது கேதத்துக்கு வந்த துணிடா.”

“எனக்குத்தானே வந்துச்சு. நான் கட்டாம யாரு கட்டுறது?”

பிறகு எங்களிடம் வந்தார். எனக்கு நேரே நின்றார். இரண்டரை வருடத்துக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: “எந்திரிடா காசி. செத்தவன் உக்காரட்டும்.”

மீனா பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினாள். நல்ல காரியத்தில் அந்தச் சொல் வரக்கூடாதென்று பொத்தியவள், கையை எடுக்காமலே அழுதாள். அவர் அவள் கைக்குள்ளேயே ஏதோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

நான் எழுந்தேன். அவர் உட்கார்ந்தார். பிள்ளை ஒரு முறை அவர் மீசையைப் பார்த்துவிட்டு, கோடி வேட்டியில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. குத்தும்போது கத்தியது. அண்ணன் அதைவிட அதிகமாகப் பதறினார்.

சாப்பிடும்போது அவருக்கு நான்தான் பரிமாறினேன். ரசம் ஊற்றும்போது கேட்டேன், வர மாட்டீர்கள் என்றுதானே எல்லாரும் நினைத்தோம் என்று. அவர் இலையைப் பார்த்தபடியே சொன்னார். “கூப்புட்டா வராம இருந்துறலாம். செத்துட்டான்னு சொன்னா எப்படிடா வராம இருக்குறது?”

வாசலில் புது பிளக்ஸ் நின்றது, மூன்று நிழலோடு. அதன் முன்னால் நின்று மதினியைப் போட்டோ எடுக்கச் சொன்னார்.

17 பிப்ரவரி, திங்கள்

தூங்கினேன்.

9 மார்ச், ஞாயிறு

அண்ணன் போன் செய்தார். மீனாவிடம் தினமும் பேசுகிறார் போல; என்னிடம் இதுதான் முதல் தடவை. கடைக்குப் போர்டு மாற்றுகிறாராம். உன் எழுத்தில்தான் வேண்டும் என்றார்.

பென்சிலைக் கையில் எடுத்தேன். அதற்குள் அவர், “ஆனா மெலியக் கூடாது. சாயக் கூடாது. ரோட்டுல போற லாரிக்காரனுக்குத் தெரியணும்” என்றார்.

“மெலியாம சாயாம இருந்தா அது என் எழுத்தே இல்லண்ணே. என்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு.”

“அப்பச் செய்யி. ஒனக்கு வேற என்ன சோலி?”

போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. கடையில் டயருக்குக் காற்று அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“டேய். அந்த மெல்லிசு எழுத்து ஒண்ணும் மோசமில்ல. அப்பா பேருக்கு அம்புட்டு நல்லா இருந்துச்சு. நான் அந்தப் பத்திரிகைய வெட்டி, அப்பா பேரு இருக்குற துண்ட மட்டும் படத்துக்குக் கீழ ஒட்டி வச்சிருக்கேன்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“அத அழிச்சுக்கிழிச்சுப் போட்டுறாத. பத்திரமா வையி. எனக்கும் ஒருநாள் வேணும், அப்ப நீதான் போடணும். இப்போதைக்குத் தடியாப் போடு.”

தூவானம் இருந்த கோப்பை மூடினேன். புதிதாக ஒன்று திறந்து அண்ணன் பெயரின் ‘உ’ வரைய ஆரம்பித்தேன். தடித்த கோடு எனக்குப் பழக்கமில்லை, சுழி இரண்டு முறை அடைத்துக்கொண்டது. மூன்றாவது முறை கொஞ்சம் காற்று விட்டேன்.

ரோகிணி காபியோடு வந்து பின்னால் நின்றாள். “என்ன, இன்னும் சாய்க்கலையா?”

“இல்ல,” என்றேன். “இது நிக்கட்டும்.”